முதன்மை மடலும் தனித்தாளும்

ரோட்டரி, லயன்ஸ் முதலிய சங்கங்களின் மாவட்ட விழாக்களில் சிறந்த கிளை மடலுக்குக் கேடயம் வழங்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. ஊருக்கு ஒரு கிளை, கிளைக்கு ஒரு செய்திமடல், மடலுக்கு ஓர் ஆசிரியர். ஆண்டு முடிவில் அவை யாவும் ஒரு மேசைமீது அடுக்கப்பட்டு மதிப்பெண் பெறும். நம் வின்சென்ட் தே பவுல் சபைகள், மரியாயின் சேனை, இளைஞர் குழுக்கள், அன்பியங்கள் ஆகியவற்றுக்கும் இத்தகைய போட்டி ஒன்றை நடத்தினால் என்ன என்று நாட்றம்பள்ளி, வாணியம்பாடிப் பக்கத்துப் பொதுநிலையினர் சிலர் நம்மைக் கேட்டதுண்டு. நல்ல எண்ணமே. ஆயினும் அவர்கள் வரைந்து கொணர்ந்த மதிப்பெண் பட்டியலைக் கண்டபோது ஒன்று நெருடியது. அட்டை அழகுக்கு 20, பிழையற்ற நடைக்கு 20, விழாச் செய்திகளுக்கு 30, நிழற்படங்களுக்கு 20, பெரியோர் வாழ்த்துரைக்கு 10. நூறு நிறைந்துவிட்டது. நடந்தது நடந்தவாறே எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு அதில் இடமே இல்லை.

இது அவர்கள் மட்டும் செய்த குறையன்று. கிளைகள் தலைமையகத்துக்கு எழுதுவது, தலைமையகம் அவற்றைத் தொகுத்து எல்லாக் கிளைகளுக்கும் அனுப்புவது என்னும் ஏற்பாடு தோன்றிய நாளிலேயே இந்தச் சிக்கலும் கூடவே பிறந்துவிட்டது. திருச்சபை வரலாற்றில் அதற்கு ஒரு தேதியே குறிக்கலாம். அது 1542-ஆம் ஆண்டு, டிசம்பர் 10.

அன்று உரோமையிலிருந்து புனித இஞ்ஞாசியார், செர்மானிய நாட்டில் பணியாற்றிக்கொண்டிருந்த தம் தோழர் புனித பேதுரு ஃபாபருக்கு ஒரு கடிதம் எழுதினார். இயேசு சபை திருத்தந்தையின் ஒப்புதல் பெற்று இரண்டு ஆண்டுகளே கழிந்திருந்தன. பத்துப் பேராய்த் தொடங்கியவர்கள் இத்தாலி, போர்த்துகல், செர்மனி, இந்தியா என்று சிதறிவிட்டனர். அவர்களை ஒன்றாகப் பிணைத்து வைத்திருந்தது கடிதம் ஒன்றே. அந்தக் கடிதங்களைப் பற்றித்தான் இஞ்ஞாசியாருக்குக் குறை. உரோமையிலிருந்த நண்பர்களும் உதவியாளர்களும் வெளியூர்ச் செய்தி அறிய ஆவலுற்று, வந்த கடிதத்தைக் காட்டுங்கள் என்று கேட்கின்றனர். கடிதத்தைப் பிரித்தால் மறையுரையும் ஒப்புரவும் பற்றிய செய்திகளுக்கு நடுவே உடல்நோவு, உள்வீட்டுப் பிணக்கு, இன்னாரைப் பற்றிய புகார் எல்லாம் கலந்து கிடக்கின்றன. காட்டினால் இடறல், காட்டாவிட்டால் மனத்தாங்கல்.

ஆகவே அவர் ஒரு முறை வகுத்தார். ஒவ்வொருவரும் முதன்மைக் கடிதம் ஒன்று எழுதவேண்டும். யாருக்கும் காட்டத்தக்க பணிச்செய்திகள் மட்டுமே அதில் இருக்கவேண்டும். ஏனைய அனைத்தும், அதாவது குறைகள், நோய், தேவை, ஐயம் எல்லாம், தனித்தாளில் எழுதப்பட்டு அதனுடன் இணைக்கப்படவேண்டும். இதைச் சொன்னதோடு அவர் நிற்கவில்லை. தாம் எழுதும் முறையையும் விளக்கினார். முதன்மைக் கடிதத்தைத் தாம் ஒருமுறை எழுதுவதாகவும், பலர் கண்ணில் படும் என்று எண்ணிப் பார்த்துத் திருத்துவதாகவும், பின்னர் மறுபடியும் எழுதுவதாகவும் அல்லது எழுதுவிப்பதாகவும் கூறுகிறார். பேச்சைப் போல எழுத்து மறைந்துபோவதில்லை. அது நின்று சாட்சி சொல்லும் என்பது அவர் காட்டிய காரணம். இன்று நம் கைக்குக் கிடைத்துள்ள இஞ்ஞாசியாரின் கடிதங்கள் ஏறக்குறைய 7,000. இத்தனையும் எழுதிய மனிதர் திருத்தி எழுதுவதைப் பற்றிப் பேசும்போது கேட்டுக்கொள்வதே முறை.

1547-இல் ஹுவான் தே பொலாங்கோ அவருடைய செயலரானார். அதே ஆண்டு சூலையில் அவர் கடிதம் எழுதுவதற்கான விதிகளைத் தொகுத்து எல்லா இல்லங்களுக்கும் அனுப்பினார். ஏன் எழுதவேண்டும் என்பதற்கு 20 காரணங்களை அடுக்கிய மடலும் அத்துடன் சென்றது. பின்னர் சபையின் அமைப்பு விதிகளிலேயே இக்கடிதப் போக்குவரத்து இடம்பெற்றது. நான்கு மாதங்களுக்கு ஒரு முறை ஒவ்வோர் இல்லமும் பிறர்க்கு நற்படிப்பினையாகும் செய்திகளைத் தொகுத்தனுப்ப வேண்டும். அவை படியெடுக்கப்பட்டுப் பிற இடங்களுக்குச் செல்லும். 1565-இல் நான்கு மாதக் கடிதம் ஆண்டுக் கடிதமாக மாறிற்று. கிளைகளுக்குச் செய்திமடல் நடத்தும் எவரும் இன்று செய்வது யாவும், அதாவது தேதி குறித்தல், மாதிரி தருதல், தாமதித்தவரைக் கடிந்து எழுதுதல் முதலியன, அன்றே செய்யப்பட்டுவிட்டன.

இந்த முறையின் இருபுறத்தையும் நம் தமிழ்க் கடற்கரையிலேயே காணலாம். புனித சவேரியார் 1542-இன் இறுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1544 சனவரி 15-ஆம் நாள் கொச்சியிலிருந்து அவர் உரோமைக்கு எழுதிய நெடுங்கடிதம் பிரெஞ்சு மொழியில் 1545-இலேயே பாரீசில் அச்சாயிற்று. ஐரோப்பிய மாணவர் உள்ளங்களை அது கிளர்ந்தெழச் செய்தது. திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கைசோர்ந்த செய்தி அதில் உண்டு. சிறுவர்கள் செபங்களைக் கற்று வீடுதோறும் சென்று சொல்லிக்கொடுத்த செய்தி உண்டு. இது முதன்மைக் கடிதம்.

அதே 1544-இல் மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி முதலிய ஊர்களிலிருந்து அவர் தம் உதவியாளர் பிரான்சிஸ்கோ மான்சிலாசுக்கு அடுக்கடுக்காகச் சிறு மடல்கள் எழுதினார். அவை அச்சுக்கு உரியவை அல்ல. அவற்றில் சவேரியார் களைத்திருக்கிறார், சினக்கிறார், மக்களிடம் பொறுமையாயிரும் என்று மான்சிலாசுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். வடுகர் படை கன்னியாகுமரிப் பக்கத்து ஊர்களைத் தாக்கியபோது பரதவ மக்கள் கடற்பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் வாடினர். அவர்களுக்கு உதவத் தோணிகள் புறப்பட்டதை அந்தச் சிறுமடல்களால் அறிகிறோம். போர்த்துகேய அதிகாரிகளின் பேராசையைப் பற்றிய கசப்பும் அவற்றில் உண்டு. 1544-இல் அந்தக் கரையில் வாழ்ந்த மீனவக் குடும்பத்தின் நிலையை அறிய விரும்பும் ஒருவர் இன்று எந்தக் கடிதத்தை முதலில் தேடுவார்? பாரீசில் அச்சான புகழ்பெற்ற கடிதத்தையா, மான்சிலாஸ் கிழிக்காமல் வைத்திருந்த துண்டுத் தாள்களையா?

1548-இல் வேம்பாற்றிலிருந்து இஞ்ஞாசியாருக்கு எழுதிய என்றீக்கே என்றீக்கஸ் அடிகளாரை எடுத்துக்கொண்டாலும் அப்படியே. தமிழைக் கற்கத் தாம் பட்ட பாட்டையும், வினைச்சொற்களின் விகற்பங்களைத் தாமே வகுத்துக்கொண்டதையும் அவர் எழுதியிருக்கிறார். இந்தக் கடின உழைப்பின் பயனாகத்தான் 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழில் அச்சேறியது. இந்தியாவில் இந்திய எழுத்தில் அச்சான முதல் நூல் என்று நாம் பெருமை பேசுகிறோம். அந்தப் பெருமைக்குப் பின்னாலிருந்த தடுமாற்றத்தையும் அவர் மறைக்காமல் எழுதிவைத்ததால்தான் தமிழ் மொழியியலாளர்கள் இன்றும் அவரைத் தேடிப் படிக்கின்றனர்.

முதன்மைக் கடிதத்தின் கதை வேறு. பாரீசில் 1702 முதல் 1776 வரை வெளிவந்த மறைப்பணியாளர் கடிதத் தொகுதிகளின் தலைப்பிலேயே 'நற்படிப்பினை தரும்' என்னும் அடைமொழி உண்டு. பதிப்பாசிரியர்கள் அக்கடிதங்களை வெட்டியும் ஒட்டியும் மெருகிட்டும் வெளியிட்டனர் என்பதை மூலப்படிகளோடு ஒப்பிட்ட ஆய்வாளர் நிறுவியிருக்கின்றனர். தீய நோக்கம் ஏதும் இல்லை. படிப்பவர் மனம் உயரவேண்டும் என்பதே நோக்கம். ஆனால் படிப்பினைக்கென்றே தொகுக்கப்பட்ட எழுத்தில் எல்லா ஊரும் ஒரே ஊராகத் தோன்றத் தொடங்கும். எல்லாத் திருவிழாவும் சிறப்பாக நடைபெறும். எல்லா மறையுரையிலும் மக்கள் கண்ணீர் விடுவர். நம் காலத்துப் பங்கு மலர்களைப் புரட்டுவோருக்கு இந்த நடை புதிதன்று.

தனித்தாள்களின் காலம் நெடுநாள் கழித்து வந்தது. 1894-இல் மத்ரித் நகரில் இயேசு சபையார் தங்கள் தொடக்ககால ஆவணங்களை முழுமையாக அச்சிடத் தொடங்கினர். அந்த வரிசையில் இந்தியாவைப் பற்றிய கடிதங்களை அருள்தந்தை யோசப் விக்கி 1948 முதல் 1988 வரை 18 தொகுதிகளாகப் பதிப்பித்தார். நாற்பது ஆண்டு உழைப்பு! அதன் பின்னரே முத்துக்குளித்துறையின் பூசல்களும் கடன்களும் நோய்களும் நம் வரலாற்றுக்குள் வந்தன. இஞ்ஞாசியார் தனித்தாளை எரிக்கச் சொல்லவில்லை, பிரித்து வைக்கவே சொன்னார் என்பதை ஈண்டு மறத்தலாகாது. அவருடைய முறையில் பாதியைத்தான் நாம் கைக்கொண்டோம். முதன்மை மடலை எடுத்துக்கொண்டோம், தனித்தாளைத் தொலைத்துவிட்டோம்.

கிளைச் சபைகளின் வரலாற்றில் அடுத்த பெரிய பெயர் பிரெதெரிக் ஓசானாம். 1833 ஏப்ரல் 23-ஆம் நாள், தம் இருபதாம் பிறந்தநாளன்று, அவரும் மாணவத் தோழர்களும் பாரீசில் கூடித் தொடங்கிய குழுவே பின்னர் வின்சென்ட் தே பவுல் சபையாயிற்று. அவர்கள் கூடிய இடம் ஒரு பத்திரிகை அலுவலகம். அவர்களுக்குத் தலைமை ஏற்ற இம்மானுவேல் பாயி என்பவர் அந்தப் பத்திரிகையின் ஆசிரியர். எனவே கிளைகள் பெருகியபோது அறிக்கைகளும் சுற்றுமடல்களும் கூடவே பெருகியதில் வியப்பில்லை. இச்சபையில் நாம் கற்கவேண்டியது வேறொன்று. ஏழையின் வீட்டுக்குச் சென்று கண்டதைக் கிளைக் கூட்டத்தில் சொல்லவேண்டும்; ஆனால் அந்தக் குடும்பத்தின் பெயர் வெளியே போகக்கூடாது. உதவி பெற்றவரின் மானம் உதவியின் ஒரு பகுதி என்று அவர்கள் கருதினர். இன்று நம் மடல்களில் என்ன காண்கிறோம்? அரிசிப் பையைக் கொடுக்கும் கையும் வாங்கும் கையும் ஒரே நிழற்படத்தில். கொடுப்பவர் புகைப்படக்காரரைப் பார்க்கிறார். வாங்கும் கைம்பெண் தரையைப் பார்க்கிறார். நிழற்படங்களுக்கு 20 மதிப்பெண் என்று வைத்தால் இந்தப் படங்கள் இன்னும் பெருகும்.

தொன் போஸ்கோ 1877 ஆகஸ்டில் தம் சலேசிய மடலைத் தொடங்கினார். உடனுழைப்பாளர் அனைவருக்கும் அதை இலவசமாக அனுப்பினார். 1906-இல் தஞ்சைக்கு வந்த சலேசிய சபையார் பின்னர் நம் வட ஆர்க்காட்டுப் பகுதியிலும் வேரூன்றினர். 1951-இல் திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரி எழுந்தது. 1952-இல் வேலூர் மறைமாவட்டம் பிறந்தது. எனவே மடல் எழுதும் வழக்கம் நம் பகுதிக்கு அயல் வழக்கமன்று.

இனிப் போட்டி என்னும் பகுதிக்கு வருவோம். மடல் எழுதுவோரை ஒருவரோடொருவர் ஒப்பிட்டுப் பரிசளிக்கும் பழக்கத்தை முழுமையாக வளர்த்தவர்கள் அமெரிக்கச் சிறுவர்கள் என்றால் வாசகர் வியப்பர். 1860-களின் இறுதியில் அந்நாட்டில் மேசைமீது வைத்து இயக்கத்தக்க சிறு அச்சுப் பொறிகள் மலிவாகக் கிடைத்தன. பள்ளிச் சிறுவர்கள் உள்ளங்கையளவு தாள்களில் தங்கள் ஊர் இதழ்களை அச்சிட்டுத் தமக்குள் மாற்றிக்கொண்டனர். 1876 சூலை 4-ஆம் நாள் அவர்கள் பிலதெல்பியாவில் கூடித் தேசியத் தன்னார்வ அச்சாளர் சங்கத்தை அமைத்தனர். 1895-இல் வில்லியம் கிரீன்ஃபீல்டு என்னும் 14 வயதுச் சிறுவன் மற்றொரு சங்கத்தைத் தொடங்கினான். இந்தச் சங்கங்கள் ஆண்டுதோறும் சிறந்த கதை, கவிதை, கட்டுரை முதலியவற்றுக்குப் பட்டங்கள் வழங்கின.

இவற்றினும் பயனுடையதாக நாம் கருதுவது அவர்கள் அமைத்த 'பொதுத் திறனாய்வுத் துறை'யையே. உறுப்பினர் இதழ்கள் யாவும் ஒருவரிடம் செல்லும்; அவர் ஒவ்வொன்றையும் படித்து, நிறைகுறைகளைச் சங்கத்தின் பொது இதழில் வெளியிடுவார். 1914-இல் அப்பொறுப்பை ஏற்றவர் எச்.பி. லவ்கிராஃப்ட். பின்னாளில் அச்சமூட்டும் கதைகளால் உலகப் புகழ் பெற்றவர். அவர் கடவுள் நம்பிக்கை அற்றவர். அவருடைய கருத்துகள் பல நமக்கு ஏற்புடையன அல்ல. ஆயினும் ஊர் பேர் தெரியாத சிறுவனின் நான்கு பக்கத் தாளையும் வரிவரியாகப் படித்து, இந்த இடத்தில் இலக்கணம் பிழைத்தது, இந்த இடத்தில் ஓசை கெட்டது என்று எழுதிய அவருடைய பொறுமையைப் பாராட்டாமலிருக்க முடியாது. கேடயம் ஒருவருக்கே கிடைக்கும். திறனாய்வு எல்லோருக்கும் கிடைக்கும். தோற்றவன் அடுத்த இதழைச் சிறப்பாக எழுதுவதற்கு வழி அதுவே.

தமிழ்நாட்டில் இதற்கு இணையானது கையெழுத்துப் பத்திரிகை. அச்சு இதழ் தொடங்க 1867-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடுவர்முன் உறுதிமொழி தரவேண்டியிருந்தது, பணமும் வேண்டும். கையால் எழுதுவதற்கு மையும் தாளும் நண்பர்களும் போதும். திருவாரூரில் பள்ளி மாணவராயிருந்த மு. கருணாநிதி 'மாணவ நேசன்' என்னும் கையெழுத்து ஏட்டை நடத்தினார். தம் தோழர்களை மன்றமாகச் சேர்த்ததும் அந்நாளில்தான். 1942 ஆகஸ்ட் 10-இல் 'முரசொலி' துண்டு வெளியீடாகத் தோன்றியது. அரசியல் எதுவாயினும், ஊர்க் கிளையின் சிறுமடலில் பழகிய கை எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. கையெழுத்து ஏட்டில் ஒரு கட்டுப்பாடும் இருந்தது. ஒரு வரியைக் கூட்டினால் ஒவ்வொரு படியிலும் அதைக் கையால் எழுதவேண்டும். எனவே வேண்டாத வரி தானே உதிர்ந்தது.

அடுத்து வந்தது சைக்ளோஸ்டைல். லண்டனில் டேவிட் கெஸ்டெட்னர் 1881-இல் காப்புரிமை பெற்ற கருவியின் வழித்தோன்றல் அது. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் பணிபுரிந்த ஆர். முத்தையா 1930-களில் தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய பின்னர், மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் தமிழைத் தட்டி, உருளையில் ஏற்றிச் சுற்றினால் நூறு படி கிடைத்தது. நம் குருமட நாள்களில் அந்த மையின் வாடை இல்லாத வாரமே இல்லை. தட்டும்போது பிழை நேர்ந்தால் செந்நிறத் திரவத்தைத் தடவி, ஊதி, உலர்ந்தபின் மேலே தட்டவேண்டும். ஒரு தாளில் நான்கைந்து இடத்துக்குமேல் தடவினால் மெழுகு கிழியும். எனவே தட்டுமுன் திருத்தவேண்டியதாயிற்று. இன்று கைப்பேசியில் படமும் பூங்கொத்தும் கொண்ட மடலைக் கால் மணி நேரத்தில் ஆக்கிவிடலாம். திருத்தவேண்டிய கட்டாயமே அற்றுவிட்டது. அழகு எளிதானபின் அழகுக்குப் பரிசளிப்பதில் பொருளென்ன?

நாம் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இந்தப் பாலாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. கேடு விளைவித்தவரே ஈடு செய்யவேண்டும் என்னும் நெறி இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு அறிவித்தது; தோல் பதனிடும் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சட்ட மாணவர்கள் அந்த நெறியைப் படிப்பர். நாம் கவனிப்பது அத்தீர்ப்பின் முற்பகுதியில் அடங்கியுள்ள கணக்குகளை. வேலூரில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் தோல் தொழில் பகுதியில் ஏறக்குறைய 35,000 எக்டேர் நிலம் ஓரளவோ முற்றிலுமோ பயிருக்கு உதவாமற் போனதாக மதிப்பிட்டது அங்கே சுட்டப்படுகிறது. திண்டுக்கல் பகுதியின் 13 ஊர்களில் அரசு சாராத ஒரு சிறு அமைப்பினர் எடுத்த கணக்கும் அங்கே இடம்பெற்றுள்ளது. குடிக்கவும் பாய்ச்சவும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்பது அக்கணக்கு.

அந்த 467-ஐ யாரோ ஒருவர் கிணறு கிணறாகச் சென்று எண்ணியிருக்கவேண்டும். எழுதிவைத்திருக்கவேண்டும். அது உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பில் ஒரு வரியாகி நிற்கிறது. அவர்கள் விழாச் செய்தி மட்டும் எழுதியிருந்தால் அந்த வரி இல்லை.

அந்த ஆண்டுகளைச் சேர்ந்தனவாய் நம் கையில் அகப்பட்ட பங்கு மலர்களிலும் சபை மடல்களிலும் கிணற்றைப் பற்றிய ஒரு சொல்லையும் நாம் காணவில்லை. தேர் புதுப்பித்தது இருக்கிறது. கொடிமரத்துக்கு நன்கொடை தந்தோர் பட்டியல் இருக்கிறது. வந்து சிறப்பித்தோர் பெயர்கள் பட்டங்களோடு இருக்கின்றன. குடும்பங்கள் குடிநீருக்கு எத்தனை கல் நடந்தன, தோல் தொட்டிக்குள் இறங்கியவர் எத்தனை பேர் நோயுற்றனர், எந்த ஆண்டு தென்னை பட்டது, வாழ்வு தேடிப் பெங்களூருக்குப் பெயர்ந்த குடும்பங்கள் எத்தனை என்பதெல்லாம் இல்லை. எழுதியோர் அறியாதவரல்லர். அவர்களுள் பலர் அந்தத் தொட்டிகளில் நின்றவர்கள். அவை மடலுக்கு உரிய செய்தி என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. தனித்தாள் என ஒன்று இருந்திருந்தால் அதிலாவது அவை ஏறியிருக்கும். தோல் தொழிலால்தான் அடுப்பெரிகிறது; எனவே அதைக் குறைகூறி எழுதத் தயக்கமும் இருந்திருக்கும். அந்தத் தயக்கத்தையும் நாம் எளிதாக ஒதுக்கிவிட முடியாது. ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைக்கு விடியற்காலையில் பேருந்தேறும் பெண்ணின் ஊதியமும் மடலாசிரியர் நினைக்கவேண்டிய ஒன்றே. எனினும் கிணற்றின் தேதியை எழுதுவது யாரையும் குற்றஞ்சாட்டுவதாகாது.

எனவே போட்டி நடத்த விரும்புவோர்க்கு நம் கருத்து இது. முடிந்த மடலை மட்டும் வாங்கி மதிப்பிடவேண்டா. மடலோடு கிளையின் கூட்டக் குறிப்பேட்டையும் கணக்கேட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். குறிப்பேட்டில் இருந்தது எது, மடலில் வந்தது எது, விடுபட்டது எது, விட்டதற்குத் தக்க காரணம் உண்டா என்று பாருங்கள். பெயரை மறைத்திருந்தால் அது குறையா, நிறையா என்று கேளுங்கள். ஏழையின் பெயரை மறைத்தால் நிறை. பணத்தின் கணக்கை மறைத்தால் குறை.

தொகுக்கும் திறனைச் சோதிக்க மற்றொரு வழியும் உண்டு. எல்லாக் கிளை ஆசிரியர்களையும் ஒரு சனிக்கிழமை பிற்பகல் ஓர் அறையில் அமர்த்தி, ஒரே கட்டுத் தாளை எல்லோருக்கும் கொடுங்கள். ஒரு கூட்டக் குறிப்பு. ஒரு வரவு செலவுத் தாள். ஒரே பூசலைப் பற்றி இரு தரப்பாரும் எழுதிய இரண்டு கடிதங்கள். நான்கு பக்கத்துக்கு நீளும் ஒரு நன்றியுரை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டி சொன்னதைக் கேட்டு எழுதிய அரைப்பக்கம். மூன்று மணி நேரத்தில் இதை நான்கு பக்க மடலாக்கவேண்டும். நன்றியுரையை எவ்வளவு சுருக்குகிறார், மூதாட்டியின் சொல்லை எவ்வளவு காக்கிறார், பூசலை எப்படிக் கையாள்கிறார் என்பவற்றில் ஆசிரியரை அடையாளம் காணலாம். மூதாட்டியின் பேச்சைச் செந்தமிழாக்கிவிடும் ஆசிரியருக்கு நாமாயின் மதிப்பெண் குறைப்போம். இப்படிச் சொல்பவர் செந்தமிழில் எழுதிக்கொண்டிருப்பதை வாசகர் சுட்டலாம். இது கட்டுரை, அது சாட்சியம்.

நடுவர்கள் வேற்றூரினராய் இருத்தல் நலம். மூவருள் ஒருவராவது தொழிலாளியாய் இருக்கவேண்டும். அவர் மடலை உரக்கப் படித்துக்காட்டட்டும். வாய் தடுமாறும் இடமெல்லாம் வாக்கியம் கெட்ட இடம். முடிவை அறிவிக்கும்போது பரிசு பெறாத ஒவ்வொரு மடலுக்கும் அரைப்பக்கத் திறனாய்வு எழுதித் தரவேண்டும். இது நடுவர்க்குச் சுமைதான். சுமக்க இயலாதவர் நடுவராக இசைய வேண்டியதில்லை.

தனித்தாளுக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். மடலில் வெளியிட இயலாதவற்றைக் கிளை ஆசிரியர் தேதியிட்டுக் கையொப்பமிட்டு உறையிலிட்டுப் பங்குத்தந்தையிடம் ஒப்படைக்கலாம். திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535-ஆம் விதி ஒவ்வொரு பங்கிலும் ஓர் ஆவணக் காப்பகம் இருக்கவேண்டும் என்கிறது. திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளோடு இந்த உறைகளும் அங்கே கிடக்கட்டும். எத்தனை ஆண்டு கழித்துத் திறக்கலாம் என்று உறையின்மேல் எழுதிவிட்டால் போதும். கைப்பேசியில் மட்டும் மடல் அனுப்பும் கிளைகள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் அவற்றைத் தாளில் எடுத்துத் தைத்து வைக்கவேண்டும். கருவி மாறும்போது அதிலுள்ள மடலும் அதனுடன் போய்விடுகிறது.

பரிசு என்ன கொடுப்பது என்றும் கேட்டார்கள். கேடயங்கள் நம் பங்கு மன்றங்களில் வைக்க இடமின்றிக் கிடக்கின்றன. பூட்டோடு கூடிய இரும்பு அலமாரி ஒன்றைக் கொடுக்கலாம். கறையான் அதில் எளிதில் ஏறாது. இரண்டாம் பரிசாக இரண்டு ரீம் தாள்.